தம்பி கேட்ட நெருப்பு

தம்பியை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான்.

அதற்கு முன்பு அவன் வேப்பூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்களும் லாரிகளும் நின்று போகிற இடம். கல்யாணமாகிப் பெண் குழந்தையும் பிறந்த பிறகு, தினமும் அவ்வளவு தூரம் போய் வர முடியவில்லை, பக்கத்தில் ஏதாவது பார் என்று என்னிடம் கேட்டான். விருத்தாசலத்தில் நான் வேலை செய்த பீங்கான் கம்பெனியில் முதலாளியிடம் சொன்னேன். நான் அங்கே சூளை பார்க்கிறவன். வார்த்துக் காய்ந்த பியூஸ் கேரியர்களையும் பொம்மைகளையும் அடுக்கி, வேகவைத்து, ஆறவைத்து எடுப்பது என் வேலை. சூளைக்கு ஆள் தேவைப்படவில்லை. பவுடர் செக்‌ஷனில் இடம் இருந்தது. வெள்ளைக்கல்லை உடைத்து மெஷினில் போட்டு மாவாக அரைக்கிற கொட்டகை அது.

"அடுப்புகிட்ட நின்னு நின்னு அலுத்துப்போச்சுண்ணே. இது பரவால்ல, நெழலா இருக்குது" என்றான் முதல் வாரம்.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருப்பான். புருவம், காது மடல், மூக்குமுடி எல்லாம் வெள்ளை. கம்பெனிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர், "சாமி வருது பாரு, விபூதி வாங்கிக்குங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு வைத்திருந்தான். வேர்த்தால் அதையும் அவிழ்த்துவிடுவான். அதைக் கட்டு என்று கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

பதினோரு வருஷம் அந்தக் கொட்டகையில் இருந்தான். அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு உடம்பு இளைத்தது. சைக்கிள் மிதிக்க முடியவில்லை. கோயில் தெருவில் நடந்தால் இரண்டு கடைக்கு ஒரு முறை நின்றான். ஆஸ்பத்திரியில் டி.பி.யாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டான். மூத்திரம் சிவந்ததே தவிர மூச்சு சரியாகவில்லை.

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் அவனும் போனோம். அங்கே ஒரு டாக்டர், வயதில் சின்னவர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னான்.

"எத்தனை வருஷமா?"

அதையும் சொன்னான். அவர் என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் ரவையை வாரி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"இது டி.பி. இல்லிங்க. கல்லுத்தூளு. மூச்சுல போயி நுரையீரல்ல ஒட்டிக்கிச்சு. ஒட்டின எடமெல்லாம் கெட்டியாயிட்டு வருது."

"எடுக்க முடியாதுங்களா?"

"முடியாது. உள்ள போனது போனதுதான். இனிமே அந்த வேலைக்குப் போகக் கூடாது. வேணும்னா மூச்சுக்கு ஆக்சிஜன் வெச்சுக்கலாம்." எக்ஸ்ரேயைக் கழற்றிக்கொண்டே, "இது யாருக்கும் தொத்தாது. அதையும் வீட்டுல சொல்லுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். நெய்வேலி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, "செத்தாதான் மண்ணு உள்ள போவும்னு நெனைச்சிருந்தேன்" என்றான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தான். வீட்டில் ஒரு மூலையில் ஆக்சிஜன் மெஷின். அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்கு. படுக்க முடியாது. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவான். அவன் மனைவி ஒரு நர்சரி ஸ்கூலில் ஆயா வேலைக்குப் போய் வந்தாள். மகள் பத்தாவது படித்தாள். பகல் முழுக்க அவன் தனியாக இருப்பான். செல்லில் பிரசங்கம் கேட்பான். உடம்பு எதனால் ஆனது, உயிர் எங்கே இருக்கிறது, செத்தால் எந்த வழியாகப் போகிறது என்று யார் யாரோ பேசியதையெல்லாம் கேட்டு வைத்திருந்தான். வேலை முடிந்து சாயங்காலம் நான் போய் உட்காரும்போது அதையெல்லாம் சொல்வான். ஒரு வாக்கியம் பேசிவிட்டு இரண்டு மூச்சு வாங்குவான். பிறகு அடுத்த வாக்கியம்.

"ஒடம்புல பத்துக் காத்து இருக்குதாம்ண்ணே. சாவும்போது ஒம்பது காத்து வெளிய போயிடுமாம். பத்தாவது காத்து மட்டும் மூணு நாளு உள்ளயே இருக்குமாம். ஒடம்ப உப்ப வெச்சு, மண்டய வெடிக்க வெச்சு, அப்பறந்தான் போவுமாம்."

"அதெல்லாம் ஏண்டா கேக்குற? பாட்டு கீட்டு கேளு."

"எனக்கு ஒரு காத்துக்கே வழியில்ல. பத்தும் எப்படி வெளிய போவும்னு பாக்குறேன்" என்று சிரித்தான். சிரித்தது இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமாயிற்று.

எங்கள் விருத்தாசலத்தில் செத்தால் காசியில் செத்ததைவிடப் புண்ணியம் என்று சொல்வார்கள். சாகிறவர்களைக் கோயில் சாமி பழமலைநாதர் மடியில் போட்டுக்கொண்டு காதில் மந்திரம் சொல்வாராம். அம்மன் முந்தானையால் விசிறுவாளாம். அதைப் பற்றியும் ஒருநாள் சொன்னான்.

"செத்தப்புறம் விசிறி என்னண்ணே பிரயோஜனம்? இப்ப வந்து விசிறச் சொல்லு."

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அதைக் கேட்டான். அவன் மனைவி அடுப்பருகே இருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, என்ன மண்ணுல போடாதீங்க."

நான் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தேன்.

"நெஞ்சு முழுக்க மண்ணுதான் இருக்குது. மேலயும் மண்ணப் போட்டு மூடினா நான் எந்த வழியா போவேன்? எரிச்சிடுங்க. எரிச்சாதான் எல்லாம் பிரிஞ்சு அதது அதுஅதுகூடப் போய்ச் சேருமாம். நீ சூளை பாக்குறவன், உனக்குத் தெரியாதா? நெருப்புல போனது எதுவாச்சும் போன மாதிரியே திரும்பி வருதா?"

"இப்ப எதுக்குடா இந்தப் பேச்சு?"

"சரின்னு சொல்லு."

மூச்சு வாங்கியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரிடா என்றேன்.

எங்கள் வகையறாவில் எரிக்கிற வழக்கமில்லை. எல்லோரையும் புதைப்பதுதான். ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் எங்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. அப்பா அங்கேதான் இருந்தார். ஊரில் யாரையாவது எரித்தார்கள் என்றால், அது காலராவில் போனவர்கள், குஷ்டம் வந்தவர்கள், டி.பி. என்று பெயரெடுத்துப் போனவர்கள். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அன்று சரி என்று சொன்னபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. அவனைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. உண்மையாகவே செய்யலாம் என்றுதான் நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், போன் வந்தது. நான் கம்பெனியிலிருந்து போய்ச் சேரும்போது அவன் சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். வாய் திறந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தால் முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மெஷினை அணைத்தேன்.

பிற்பகலுக்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பந்தல் போட்டாயிற்று. மேளம் வந்தாயிற்று. அப்போதுதான் திட்டக்குடியிலிருந்து என் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டி.பி.ன்னு சொன்னாங்களே, அப்படிங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லிங்க. கம்பெனித் தூசிங்க. மூச்சுத் திணறல்" என்றேன்.

"அதான பாத்தேன். சம்பந்தம் பண்ற எடம், கேட்டு வெச்சிக்கணும் இல்லிங்களா" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

குழி வெட்ட ஆள் அனுப்புவதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அப்போது தம்பி மனைவி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"குழி வேணாங்க. அவரு எரிக்கச் சொன்னாரு. மாமாகிட்டயும் சொல்லியிருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் பார்த்தார். நாளைக்கு அவர் ஊரில் போய், சம்பந்தி வீட்டில் தம்பியை எரித்தார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அந்த ஒரு கணத்தில் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

"எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த முந்தானையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பெண்களுக்கு நடுவிலிருந்து அவள் மகளின் குரல் கேட்டது.

"பெரிப்பா, நீங்க சரின்னு சொன்னீங்க. நான் அங்கதான ஒக்காந்து எழுதிட்டிருந்தேன்."

"ச்சூ, பெரியவங்க பேசற எடத்துல" என்று யாரோ அவளை அணைத்து உட்காரவைத்தார்கள். நான் குனிந்து, எழவு வீட்டில் போட்டிருந்த நாற்காலிகளைச் சரிசெய்தேன். அந்த நேரத்தில் நாற்காலியைச் சரிசெய்யத்தான் எனக்குத் தோன்றியது.

"பொம்பள துக்கத்துல பேசுது. நம்ம வழக்கம் என்னவோ அதச் செய்யிங்க" என்றார் பெரியவர். குழி வெட்டப் போனார்கள்.

அவனுக்கு மகன் இல்லை. மூத்தவன் இளையவனுக்குச் செய்யக் கூடாது என்று சிலர் முணுமுணுத்தாலும் வேறு ஆள் இல்லாததால் நான்தான் குடம் சுமந்தேன். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். ஓடைக்கரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் தெற்கே தலை வைத்து இறக்கினார்கள். உப்பும் விபூதியும் தூவினார்கள். முதல் கைமண் என்னுடையது. மூன்று முறை போடவேண்டும். மூன்றும் அவன் நெஞ்சின் மேல்தான் விழுந்தது. எங்கள் பக்கத்து மண் கரிசல் கலந்த கட்டிமண். விழும்போது பொத்தென்று சத்தம் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் மணிமுத்தாற்றங்கரையில். ஆற்றில் தண்ணீர் இல்லை. நடு ஆற்றில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. குளிப்பதற்கு டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து குடங்களில் பிடித்து வைத்தோம். காரியம் செய்துவைக்க வந்த ஐயருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அடுத்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்று பைக்கை எதிரிலேயே நிறுத்தியிருந்தார். ஆனால் வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. ஒவ்வொரு பிண்டமாக வைக்கச் சொல்லும்போது அது எதற்கு என்றும் சொன்னார்.

"பழைய ஒடம்ப விட்டுட்டு உயிரு காத்தா அலைஞ்சிட்டு இருக்குது. அதுக்குப் புதுசா ஒடம்பு கட்டித் தர்றோம். இது தலை. இது கழுத்து, தோளு. இது நெஞ்சு."

நான் சோற்று உருண்டையை வாழையிலையில் வைத்தேன். பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த தம்பி மனைவி எழுந்து முன்னால் வந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"இப்ப வெச்ச நெஞ்சு, அது பழைய நெஞ்சு மாதிரியே இருக்குமா? அதுலயும் தூளு இருக்குமா?"

ஐயர் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். யாருடைய நெஞ்சு, என்ன தூள் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

"இருக்காதும்மா. இது சுத்தமான ஒடம்பு. நோய் நொடி எதுவும் இதுல கெடையாது."

"பழைய ஒடம்ப மண்ணுக்குள்ள வெச்சிருக்காங்களே. உயிரு அதச் சுத்திக்கிட்டே இருக்காதா? எரிச்சாதான் இனிமே ஒடம்பு இல்லன்னு அதுக்குத் தெரியும்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு."

ஐயர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைக்கிறேன். "நான் படிச்சதுல எரிக்கிறதத்தான் சொல்லியிருக்குதும்மா. ஆனா பொதைக்கிற வழக்கம் உள்ளவங்க எத்தனையோ பேரு. அவங்கள்லாம் கரையேறாமலா இருக்காங்க? மண்ணும் பகவான்தான்."

அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க மாமா."

என் தலையை மழித்திருந்தார்கள். ஈரத்துணியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். விரலில் சோறு ஒட்டியிருந்தது. குனிந்து அடுத்த உருண்டையைப் பிடித்தேன். அதோடு அவள் என்னுடன் பேசுவதை நிறுத்தினாள்.

வருஷம் திரும்பியதும் என் மகள் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க நானும் என் மனைவியும் போனோம். வாங்கிக்கொண்டாள். வரவில்லை. அவள் மகளும் வரவில்லை.

மறு வருஷம் என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அந்தச் சமயத்தில்தான் மங்கலம்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், கொளஞ்சியப்பர் கோயிலில் உன் தம்பி மனைவியைப் பார்த்தேன், பிராது கட்டிக்கொண்டிருந்தாள் என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்துவிட்டால் ஜனங்கள் அங்கே போவார்கள். நடந்ததை ஒரு காகிதத்தில் மனுவாக எழுதிச் சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்துத் தண்டனை கொடுக்கும் என்பது நம்பிக்கை. நான் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். சுருட்டிச் சுருட்டிக் கட்டிய காகிதங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மழையிலும் வெயிலிலும் கிடந்து மை ஊறிப்போயிருந்தது. எது அவளுடையது என்று எப்படித் தெரியும்? தெரிந்தாலும் பிரித்துப் படிக்கலாமா? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி என்னிடம் கேட்டதை, நான் சரி என்றதை, பிறகு இல்லை என்றதை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"அப்பறம் ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"நானுந்தான பொண்ணப் பெத்திருக்கேன்" என்றாள்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. ஓடை பெருகிக் கரையை அரித்தது. ஊரில் தண்ணீர் டேங்க் பார்க்கிறவர் போன் செய்து, உங்கள் வரிசை சரிந்துவிட்டது, முடிந்தால் வந்து பாருங்கள் என்றார். எனக்கு அப்போது காய்ச்சல். ஒரு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. மழை நின்றிருந்தது. கரையைச் சரிசெய்ய ஜே.சி.பி. வந்து மண்ணை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் தம்பியும் இருந்த இடத்தில் கத்தியால் வெட்டி எடுத்த மாதிரி பாதிக்கரை இல்லை. கீழே ஓடையில் செம்புழுதி நிறத்தில் தண்ணீர் ஓடியது.

ஜே.சி.பி. ஓட்டுநர் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"இந்த எடத்துல எலும்பு எதுனா வெளிய தெரிஞ்சுதுங்களா?"

"நீங்க யாரு?"

சொன்னேன்.

"நேத்தே ஒரு அம்மா வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களே. கூட அவங்க பொண்ணு. வண்டிய நிறுத்துங்கன்னு முன்னால வந்து நின்னாங்க. ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குதாம். ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்துச்சு. உங்களுக்குச் சொல்லலிங்களா?"

சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வைக்கப் போன பிறகு அந்த வாசற்படியை நான் மிதித்ததில்லை.

தம்பி மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. மகளைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"எங்க வெச்சிருக்கிற?"

"எத?"

"தம்பிய."

"முடிச்சாச்சு மாமா. நேத்து சாயங்காலமே. ஆத்தோரம் வெச்சு எரிச்சாச்சு. வெறகு ஈரமா இருந்துச்சு, பத்திக்கல. எருமுட்டை நெறைய வெச்சு, கிருஷ்ணாயில் ஊத்தி நின்னு எரிச்சோம். இன்னிக்குக் காலையில தண்ணியில விட்டுட்டு வந்துட்டோம்."

"ஐயரு வந்தாரா?"

"யாரும் வரல. நானும் அவளுந்தான்."

கேட்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"பக்கத்துல எங்கப்பா இருந்தாரே."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். மகள்தான் பதில் சொன்னாள்.

"ரெண்டு பேருதும் ஒண்ணாக் கெடந்துது பெரிப்பா. மண்ணு சரிஞ்சதுல கலந்துடுச்சு. கொஞ்சந்தான் பிரிக்க முடிஞ்சுது. மீதி எது யாருதுன்னு தெரியல. அதனால தாத்தாவையும் சேத்தே வெச்சிட்டோம்."

இத்தனை வருஷத்துக் குற்றவுணர்ச்சியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "எங்கப்பாவ யாரக் கேட்டு எரிச்ச?" என்று கத்தினேன். அடுத்த வீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் திரும்பி என் எதிரே வந்து நின்றாள்.

"அவர யாரக் கேட்டுப் பொதைச்சீங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எங்கிட்ட சொன்னாம்மா. எரிக்கச் சொன்னான். சரின்னுதான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்துது. மாப்ள வூட்டுக்காரரு பக்கத்துல நின்னாரு. எரிச்சா டி.பி.ன்னு பேராயிடும், சம்பந்தம் நின்னுடும்னு பயந்துட்டேன்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் அழுததை அவன் செத்த அன்றைக்குக்கூட நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன்.

"இதான் காரணமா? இத எங்கிட்ட தனியாக் கூப்ட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா மாமா? நானே பொதைச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேனே. அவ எனக்கும் பொண்ணு இல்லியா? அவருக்கே தெரிஞ்சிருந்தா அவரும் வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு. இத்தினி வருஷம் நான் என்ன நெனைச்சிட்டிருந்தேன்? அவரு மேல உங்களுக்கு ஏதோ வன்மம், செத்தும் விடலன்னுல்ல நெனைச்சேன்."

"அதான் எம்மேல பிராது கட்டினியா?"

"உங்க மேலயா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். "தூளு அரைக்கச் சொல்லி, மூக்குக்கு ஒரு துணிகூடக் குடுக்காம வேல வாங்கினாங்களே, அவங்க மேல கட்டினேன். உங்க மேல நான் எதுக்குக் கட்டப் போறேன்? நீங்க அவரு கூடப் பொறந்தவரு."

நான் தண்ணீரைக் குடித்தேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஒரே குடும்பத்தில் தம்பி மனைவியிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. எழுந்து, வரேம்மா என்றேன். அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நின்றேன். பல வருஷங்களுக்குப் பிறகு இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. செல்லில் படம் எடுத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கருவேலமரங்கள் தலை மட்டும் தெரிய வளைந்து வளைந்து ஆடின. எரித்த இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்தேன். கரையோரம் எல்லா இடமும் ஒரே மாதிரி சேறாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "எவ்ளோ தண்ணி பாத்தீங்களா" என்றார். ஆமாங்க என்றேன்.

வீட்டுக்குப் போய், அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவளே ஒப்புக்கொண்டிருப்பாளாம் என்று சொன்னபோது, என் மனைவி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். அங்கே அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உச்சி வெயில் ஏறின பிறகுதான் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. கை கால் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே அந்த வூட்டுக்கு நான் போய் வரேன்" என்றாள். "நீங்க போவாதீங்க."